கட்டிலுக்கு அடியில் எள்ளு

முப்பது நாளில் எங்கள் வீட்டு நாயை ஒழுங்குக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் போட்டேன். சபதம் போடுவதில் எனக்கு அனுபவம் அதிகம். நிறைவேற்றுவதில்தான் இன்னும் பழகுநர் உரிமத்தோடு நிற்கிறேன்.

"யாருகிட்ட சொல்றீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"உன்கிட்டதான்."

"எனக்குக் கேட்டுச்சு. நாய்க்குக் கேட்டுச்சா?"

நாய் என் இடது செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குக் கேட்கவில்லை.

அதன் பெயர் எள்ளு. வீட்டுக்கு வந்த அன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு உருண்டை. "எள்ளு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. பெயர் ஒட்டிக்கொண்டது. அளவு ஒட்டவில்லை. இரண்டே வருடத்தில் கன்றுக்குட்டி ஆகிவிட்டது. எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டும் என்பார்கள். எங்கள் எள்ளுவைக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று அதுவும் நம்மோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கும்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எல்லாருக்கும் மாஸ்டர். என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மூன்று பேர் சுவரில் ஏறியிருக்கிறார்கள், ஒருவர் பெட்டிக்கடைக்குள் போயிருக்கிறார். ஒருவரையும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பரவாயில்ல, அடுத்த தடவை கடைக்கு வெளியவே நிறுத்துவோம்" என்பேன். இந்தப் பொறுமைக்கு ஒரு ரகசியம் உண்டு. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம். தோள் இறுகிப்போய், கையை இடுப்புக்கு மேலே கொண்டுபோக முடியாதவர்கள் அவளிடம் வருவார்கள். அவள் அவசரப்பட மாட்டாள். இன்றைக்கு ஒரு விரல் அளவு, நாளைக்கு இன்னொரு விரல் அளவு. கடைசியில் அவளிடம் வந்தவர் எவரும் கையைத் தூக்காமல் போனதில்லை. நான் கல்யாணமான மறு வருடமே இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

சபதத்துக்கு முதல் உதவி எதிர்வீட்டு ரெஃப்ரீயிடமிருந்து வந்தது. கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய விசில் இன்னும் பணியில் இருக்கிறது. தெருவில் யாராவது வண்டியைக் கோணலாக நிறுத்தினால் ஊதுவார்.

"மாஸ்டர், நாய்க்கு வார்த்தை புரியாது. விசில் புரியும்" என்றார். "இருபத்திரண்டு முரட்டுப் பசங்களை இதை வச்சே நிறுத்தியிருக்கேன். இது ஒத்தை நாய்."

ஒரு விசிலைக் கடனாகவும் கொடுத்தார். ஊத வேண்டும், உட்கார வைக்க வேண்டும், பிஸ்கட் கொடுக்க வேண்டும். மூன்றே நாள். ஊதினால் எள்ளு பொத்தென்று உட்கார்ந்தது. நான் மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் உள்ளே போய் அடுப்பில் குக்கரை வைத்தாள்.

குக்கர் முதல் விசில் அடித்தது. வாசலில் இருந்த எள்ளு பாய்ந்து வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தது. பிஸ்கட் வரவில்லை. எழுந்துகொண்டது. இரண்டாவது விசில். மறுபடி உட்கார்ந்து, குக்கரை மரியாதையோடு பார்த்தது. மூன்றாவது விசில் வந்தபோது ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தது. அதற்கு மேல் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நீட்டிப் படுத்துவிட்டது. அடுப்பை அணைக்க வந்த மனைவி அதன்மேல் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"விசிலுக்கு உட்காருது பாத்தியா" என்றேன்.

"பாத்தேன். இந்த வீட்ல அதுக்கு மாஸ்டர் குக்கர்தான்."

"ரெஃப்ரீ சார் சொன்ன முறை..."

"எள்ளு காயுது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம்? விசிலைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு சபதத்தை விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் எனக்கு ஒரு பாராட்டு நடந்தது. இருபது வருடம், ஒரு மாணவரைக்கூடத் திட்டாமல் கற்றுக்கொடுத்ததற்காக, கெட்டித் தாளில் அச்சடித்த சான்றிதழ். நடுவில், தேங்காய் அளவு எழுத்தில், 'பொறுமை' என்று போட்டிருந்தது. வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் சான்றிதழ் ஓட்டுநர் உரிமம். இது இரண்டாவது.

வீட்டுக்கு வந்து அதை சோபாவில் வைத்துவிட்டு, ஆணியும் சுத்தியலும் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். ஆணி உடனே கிடைத்தது. சுத்தியல் கிடைக்க ஐந்து நிமிடம் ஆனது. எள்ளுவுக்கு ஐந்து நிமிடம் போதும்.

திரும்பி வந்து பார்த்தபோது சான்றிதழில் பாதி இல்லை. 'பொறுமை'யில் இருந்த 'மை'யைத் தின்றுவிட்டது. 'பொறு' மட்டும் மிச்சம் இருந்தது.

பொறுத்திருக்கலாம். எழுதியே காட்டியது. நான் பொறுக்கவில்லை.

மேசையில் கிடந்த செய்தித்தாளைச் சுருட்டி அதன் முதுகில் ஓர் அடி அடித்தேன். இன்னோர் அடி. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. எள்ளு ஓடவில்லை, குரைக்கவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"போதுங்க."

"நீ குறுக்க வராத. செல்லம் குடுத்துக் குடுத்து இதைக் கெடுத்ததே நீதான். உனக்கு என்ன தெரியும்?"

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் மெல்ல மூடிக்கொண்டது. மனைவி ஒரு அடி பின்னால் வைத்தாள். எள்ளு படுத்திருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. இரண்டு வயது நாய், குட்டியாக இருந்தபோதுகூட வீட்டுக்குள் அப்படிச் செய்ததில்லை.

என் கையிலிருந்த செய்தித்தாள் தானாக விரிந்தது. எள்ளு எழுந்து, வாலை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மனைவி துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். நான் துடைக்கிறேன் என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் நான் கூப்பிட்டேன். வரவில்லை. பிஸ்கட்டைக் காட்டினேன். வரவில்லை. கட்டிலுக்கு அருகே குனிந்து, "எள்ளு, எங்கண்ணு" என்றேன். இருட்டுக்குள் இரண்டு கண்கள் இன்னும் ஒரு சாண் பின்னால் போயின. மனைவி கூப்பிட்டால் வந்து சாப்பிட்டது. என் கார் சத்தம் கேட்டால் உடனே கட்டிலுக்கு அடியில். அந்த நாலு நாளில் எனக்கு சோறு இறங்கவில்லை. தினமும் நான் வந்தால் என்மேல் ஏறி என் மூக்குக்கண்ணாடியை நக்கிக் குருடாக்கும் ஜென்மம் அது. இப்போது கண்ணாடி துடைத்தது துடைத்தபடி சுத்தமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்க்க எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் மனைவியிடம் சரண் அடைந்தேன்.

"என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நோயாளியின் தோளைப் பார்க்கிற பார்வை.

"நான் சொன்னபடி செய்வீங்களா?"

"செய்றேன்."

"அவசரப்படக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு விரல் அளவுதான் நகரும்."

"சரி."

"முதல்ல, இந்த வீட்ல குரல் ஏறக் கூடாது. எதுக்கும். டிவில மேட்ச் தோத்தாலும்."

"சரி."

"அதை முறைச்சுப் பாக்காதீங்க, கூப்பிடாதீங்க. கட்டிலுக்குப் பக்கத்துல தரைல உக்காந்து, முதுகைக் காட்டி, உங்க பாட்டுக்கு மெதுவா ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க. கையில ஒரு துண்டு பிஸ்கட் வச்சுக்கிட்டு, கையைப் பின்னால விட்டுருங்க. அதுவா வரணும்."

இது எனக்கும் நியாயமாகப் பட்டது. அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கிளட்ச்சை விடும் முறையைப் பற்றி எள்ளுவுக்கு விளக்கினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது என்று சொன்னேன். பிறகு, அடித்தது தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

தினமும் ஒரு மணி நேரம். முதுகு வலித்தது. மூன்றாவது நாள் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆறாவது நாள் கைமேல் சூடாக மூச்சுக் காற்று பட்டது. ஒன்பதாவது நாள், ஈரமான ஒரு மூக்கு என் உள்ளங்கையைத் தொட்டு, பிஸ்கட்டை அவ்வளவு நாசூக்காக எடுத்துக்கொண்டு உள்ளே போனது. நான் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது. அதற்கு அனுமதி கேட்கவில்லை.

"எடுத்துக்கிச்சு" என்று சமையலறைக்குப் போய்க் கிசுகிசுத்தேன்.

"நல்லது. ஆனா இனிமேதான் கஷ்டம்" என்றாள் மனைவி. "இந்தக் கட்டத்துல நிறைய பேர் விட்டுருவாங்க. கை பாதி தூக்கினதும் போதும்னு போயிருவாங்க."

"நான் விட மாட்டேன்."

"அப்ப நாளைலேருந்து காலைல ஆறு மணிக்கு நடக்கணும்."

"எள்ளுவைக் கூட்டிக்கிட்டா?"

"இல்ல. தனியா. நாய்க்கு வாசனைதான் எல்லாம். அது நடக்கிற வழியில முதல்ல உங்க வாசனை இருக்கணும். நீங்க நடந்துட்டு வந்த பிறகு நான் அதைக் கூட்டிட்டுப் போறேன். உங்க வாசனைலயே நடந்து நடந்து பழகிரும்."

டாக்டர் என் தொப்பையைப் பார்த்து நாலு வருடமாக நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. ஆனால் இது நாயின் விஷயம். நடந்தேன். எள்ளுவின் கழுத்துப்பட்டைக் கயிற்றிலும் என் வாசனை ஏற வேண்டுமாம், அதையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். மறுமுனை தரையில் இழுபட்டது.

எதிர்வீட்டு ரெஃப்ரீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், நாய் எங்க?"

"தூங்குது சார்."

"அப்ப நீங்க?"

"வாசனை போட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கட்டிலுக்கு அடியில் தூசி இருப்பதாகவும் எள்ளு தும்முவதாகவும் தகவல் வந்தது. பாவம் செய்தவன் கையாலேயே துடைத்தால் நாய்க்கு மனசு இளகும் என்றாள் மனைவி. தினமும் துடைத்தேன். அதற்கு அடுத்த வாரம், பாத்திரம் உருளும் சத்தத்தில் அது நடுங்குகிறது என்று தெரிய வந்தது.

"அப்ப நீ மெதுவா கழுவேன்."

"நான் மெதுவாதான் கழுவுறேன். ஆனா பயம் உங்க கைமேலதான? உங்க கை பாத்திரத்தை மெதுவா வைக்கிறதை அது கேக்கணும்."

கழுவினேன். பஞ்சு மாதிரி வைத்தேன். பயிற்சிக் காரில் தேறியவர்களுக்குக்கூட நான் அவ்வளவு மென்மையான கியர் மாற்றத்தைக் காட்டியதில்லை.

ஆனால் எள்ளு ஒரு விரல்கூட நகரவில்லை. நான் உள்ளே வருவேன், கட்டிலின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மூக்கு மட்டும் தெரியும். ஒன்பதாம் நாள் கையிலிருந்து பிஸ்கட் எடுத்த நாய், அதற்குப் பிறகு நாலு வாரம் மூக்கோடு நின்றுவிட்டது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருந்தால் எள்ளைக் குற்றம் சொல்லலாம். வெடிக்கவும் இல்லை. அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அது என்னை மன்னிக்கவே மன்னிக்காதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொறுங்க" என்றாள்.

பிறகு ஒரு புதன்கிழமை வந்தது. என்னிடம் கார் கற்றுக்கொள்ளும் பாட்டு டீச்சர், நாலாவது கியருக்குப் போவதற்குப் பதிலாக எங்கேயோ போனார். கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது. மெக்கானிக் வந்தார். "ஒரு மணி நேரத்துல சரி பண்ணி வண்டியை வீட்லயே கொண்டாந்து விட்டுர்றேன் மாஸ்டர், நீங்க போங்க" என்றார். பதினொன்றரை மணி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஒரு மாத நடையில் கால் பழகியிருந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் எள்ளு படுத்திருந்தது. என் பழைய சட்டை ஒன்றைக் காலுக்கு நடுவே கட்டிப்பிடித்தபடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது காதைத் தூக்கியது, தலையைத் தூக்கியது, அப்புறம் அதுவே தூக்கி எறியப்பட்டது மாதிரி என்மேல் வந்து விழுந்தது. நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியை நக்கியது, காதை நக்கியது, இடுப்பிலிருந்து வால்வரை முழு உடம்பும் ஆடியது. ஒரு மாதப் பாக்கியை ஒரே நிமிடத்தில் தீர்த்துவிட வேண்டும் என்பது போல இருந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன். அந்த வீட்டில் எனக்கு அது பழகிவிட்டது.

மனைவியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அன்று அவளுக்கு ஆஸ்பத்திரி விடுமுறை, பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எழுந்தேன். அதே நேரம் வாசலில் என் கார் சத்தம் கேட்டது. மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

பின்கட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது. நிதானமான, வழக்கமான குரல்.

"எள்ளு, அப்பா வந்துட்டாங்க. போ, கட்டில்."

எள்ளு என் முகத்தைக் கடைசியாக ஒரு முறை நக்கியது. வாலை ஆட்டிக்கொண்டே படுக்கையறைக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, திரும்பி, சரியான இடத்தில் மூக்கை வைத்தது. வாலைச் சுருட்டிக்கொண்டது. எள் என்றதும் எண்ணெயாக நிற்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மனைவி பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். குனிந்து ஒரு பிஸ்கட்டை நீட்டினாள்.

"சமத்து. மூஞ்சிய மட்டும் இன்னும் கொஞ்சம் சோகமா வச்சுக்க. நேத்து சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். என் மூக்குக்கண்ணாடி முழுக்க எச்சில். மறைக்க இனி இருவரிடமும் எதுவும் இல்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். குரல் ஏறவில்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "முதல் ஒன்பது நாள் நிஜம். பத்தாவது நாள் உங்க சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுச்சு. நான்தான் பிடிச்சு வச்சேன்."

"பத்தாவது நாளே மன்னிச்சிருச்சா?"

"அது நாய்ங்க. பத்து நாள் போதும்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள்?"

அவள் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே மூடியிருந்தது. மறுபடி திருகினாள்.

"எனக்குப் போதல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஓங்கிய கை. குறுக்கே நின்றவள். 'உனக்கு என்ன தெரியும்.' அவள் பின்னால் வைத்த அந்த ஒரு அடி. நாயிடம் நாற்பது விதமாக மன்னிப்புக் கேட்டிருந்தேன், கிளட்ச் பாடத்துக்கு நடுவில்கூடக் கேட்டிருந்தேன். அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தரையில் உட்கார்ந்தேன். அந்த இடம் எனக்கு நன்றாகப் பழகிய இடம்.

"நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அதுகிட்டயும், உன்கிட்டயும். உனக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரியாது. மன்னிச்சிரு."

எள்ளு வெளியே வரலாமா என்று கட்டிலுக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தது. நானும் அவளைத்தான் பார்த்தேன். கடைசியில் அவள் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்து, நடுவில் கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினாள்.

"இவ்வளவு நகர்ந்திருக்கு" என்றாள்.

"மிச்சம்?"

"பாப்போம். வா எள்ளு."

எள்ளு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. வாசலில் மெக்கானிக் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் எழுந்துகொள்ளவில்லை.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. இனி நடக்க வேண்டியதில்லை, துடைக்க வேண்டியதில்லை, குட்டு வெளிப்பட்டுவிட்டது, நான் சுதந்திர மனிதன் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுக்கப் பார்த்தேன். புரள இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது மேலே வந்து, என் தலையணையில் பாதியை எடுத்துக்கொண்டு குறட்டை விட்டது.

மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

"கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க. எள்ளு தூங்குது."

நடந்துவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன். மெதுவாகத்தான். இரண்டு பேரும் இன்னும் எழுந்திருக்கவில்லை.